டாப்ஸ்லிப்பில் ஓர் இரவு: முதல்முறை போகிறவர்களுக்கு

பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை, வேட்டைக்காரன்புதூர் வழியாகப் போனால் சேத்துமடை வரைக்கும் இரண்டு பக்கமும் தென்னந்தோப்புதான். தோப்பு முடிகிற இடத்தில் வனத்துறை செக்போஸ்ட். அதைத் தாண்டி மலை ஏறினால் ஆனைமலை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் டாப்ஸ்லிப். பொள்ளாச்சியிலிருந்து மொத்தமே 35 கிலோமீட்டர் சொச்சம்தான். தூரம் குறைவு என்பதால் பலர் யோசிக்காமல் கிளம்பிவிடுகிறார்கள். நானும் முதல்முறை அப்படித்தான் போனேன். இப்போது யாராவது கேட்டால் ஒன்றுதான் சொல்வேன்: காலையிலிருந்து திட்டம் போடாதீர்கள், மாலை ஆறு மணியிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். காட்டில் நம்முடைய நாள் அப்போது முடிந்துவிடும். அதன் பிறகு அது யானையின் பொழுது.

முதலில் மாதம்

டிசம்பர், ஜனவரி நல்ல மாதங்கள். மழை ஓய்ந்திருக்கும், காடு பச்சையாக இருக்கும், இரவில் ஸ்வெட்டர் தேவைப்படும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. காடு அழகாக இருக்கும், ஆனால் ரத்தம் உறிஞ்சும் அட்டை அதிகம், காட்டுக்குள் நடந்து போக அனுமதி கிடைப்பதும் நிச்சயமில்லை. பிப்ரவரிக்கு மேல் தேக்கு இலை உதிர்த்துவிடும். தரையெல்லாம் சருகு. ஒரு தீப்பொறி போதும். அதனால் கோடையில் காட்டுத்தீ அபாயம் அதிகமாகும்போது வனத்துறை சுற்றுலாவை நிறுத்திவிடுவதும் உண்டு. அந்த மாதங்களில் போவதாக இருந்தால் கிளம்புவதற்கு முந்தின நாள் ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள்.

அறை உறுதியான பிறகே விடுமுறை

லீவு போட்டுவிட்டு அறை தேடக் கூடாது. டாப்ஸ்லிப்பில் உள்ள அம்புலி இல்லம் போன்ற விடுதிகள் வனத்துறையுடையவை, எண்ணிக்கையில் குறைவு. ஆனைமலை புலிகள் காப்பகத்தின் இணையதளத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். சனி, ஞாயிறு சீக்கிரம் நிரம்பிவிடும். முடிந்தால் செவ்வாய், புதன் என்று வார நாளில் போங்கள். பகல் கூட்டம் இல்லாத டாப்ஸ்லிப் வேறு ஊர் மாதிரி இருக்கும்.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி நடக்கிறது. இதே சாலைதான் பரம்பிக்குளத்துக்கும் போகிறது. பரம்பிக்குளம் கேரளாவில் இருக்கிறது, ஆனால் வண்டிப்பாதை தமிழ்நாட்டு வழியாகத்தான். அங்குள்ள குடில்களுக்குக் கேரள வனத்துறையிடம் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். எதைப் பதிவு செய்திருக்கிறீர்கள் என்று ரசீதைப் பார்த்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். ரசீதை அச்செடுத்து, அடையாள அட்டையோடு கையிலேயே வைத்திருங்கள். மேலே போன பிறகு செல்போன் சிக்னலை நம்ப முடியாது.

நேரக் கணக்கு

டிசம்பரில் ஆறு மணிவாக்கில் இருட்டிவிடும். அதற்கு முன் அறையில் பையை வைத்து, இரவுச் சாப்பாட்டுக்குச் சொல்லி, சுற்றுப்புறத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். அதற்கு மூன்று மணிக்காவது மேலே இருக்க வேண்டும். சேத்துமடையிலிருந்து மலைப்பாதையில் மெதுவாகத்தான் ஏற முடியும். செக்போஸ்டில் பதிவு, பை சோதனை எல்லாம் உண்டு. இரண்டையும் சேர்த்து ஒன்றரை மணி நேரம் ஒதுக்கினால் சேத்துமடையில் ஒன்றரை மணிக்கு நிற்க வேண்டும். பொள்ளாச்சியிலிருந்து பன்னிரண்டரைக்குள் கிளம்ப வேண்டும். கோவையிலிருந்து வருகிறவர்கள் பத்தரைக்கே புறப்பட்டால் வழியில் சாப்பிடவும் நேரம் இருக்கும்.

எங்கள் முதல் பயணத்தில் பொள்ளாச்சியில் மதியச் சாப்பாட்டை நிதானமாக முடித்துவிட்டு, இளநீர் குடித்து, கதை பேசி, நாலரை மணிக்குத்தான் சேத்துமடை வந்தோம். உள்ளே விட்டார்கள். ஆனால் பாதி வழியில், மூங்கில் புதர் ஓரத்தில், ஒரு யானை குட்டியோடு நின்றது. ஓட்டுநர் எஞ்சினை நிறுத்திவிட்டார். மூங்கில் முறிகிற சத்தம் மட்டும் கேட்டது. அது தானாக விலகி இறங்கும் வரை நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தோம். இருட்டு இறங்கிக்கொண்டே வந்தது. வண்டிக்குள் இருந்த சின்னப் பிள்ளைகளின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. அந்த நாற்பது நிமிடம் கணக்கில் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு சொல்கிறேன்.

இருசக்கர வாகனத்தில் போகலாம் என்று நினைக்காதீர்கள், காட்டுப்பாதையில் அனுமதி இல்லை. பொள்ளாச்சியிலிருந்து பேருந்து உண்டு, ஆனால் நாளுக்குச் சில நடைகள்தான். பெட்ரோல், ரொக்கப் பணம், மருந்து எல்லாம் பொள்ளாச்சியிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

பையில் என்ன

ஆளுக்கு ஒரு டார்ச், ஸ்வெட்டர், குடை அல்லது மழைக்கோட்டு, ஸ்டீல் தண்ணீர்ப் புட்டி, வழக்கமான மாத்திரைகள். உடை பழுப்பு, கரும்பச்சை போன்ற மங்கின நிறத்தில் இருக்கட்டும். சென்ட் வேண்டாம். மதுவும் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கும் உள்ளே போகாது. விறகு மூட்டிக் குளிர்காயும் எண்ணத்தையும் சேத்துமடையிலேயே விட்டுவிடுங்கள்.

மழைக்குப் பிறகு போனால் அட்டைக்குத் தயாராக இருங்கள். பேண்ட்டின் கீழ்முனையை சாக்ஸுக்குள் செருகி, சாக்ஸின் மேல் உப்போ மூக்குப்பொடியோ தடவிக்கொள்வது பழைய வழக்கம். கடித்துவிட்டால் பிடித்து இழுக்காதீர்கள். தோலோடு ஒட்டி நகத்தைக் கொடுத்துப் பக்கவாட்டில் நெம்பினால் விட்டுவிடும். வலிக்காது, ஆனால் ரத்தம் வெகுநேரம் கசியும், ஏனென்றால் ரத்தத்தை உறையவிடாத ஒரு பொருளை அட்டை கடிவாயில் செலுத்திவிடுகிறது. கழுவி, பஞ்சு வைத்துக் கட்டினால் போதும்.

சேர்ந்த பிறகு

முதல் வேலை இரவுச் சாப்பாட்டுக்குச் சொல்வது. எத்தனை பேர் என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் சமைப்பார்கள். இரண்டாவது, ஜன்னல் கொக்கி. குரங்குகள் திறந்த ஜன்னலைக் கண்டால் விடாது. பிஸ்கட் பாக்கெட்டைக்கூட மேஜையில் வைக்காமல் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிடுங்கள்.

வெளிச்சம் இருக்கும்போதே ஹ்யூகோ வுட்டின் கல்லறையைப் பார்த்து வாருங்கள். கப்பல் கட்டவும் ரயில் தண்டவாளக் கட்டைக்கும் இங்கிருந்து தேக்கை வெட்டிக்கொண்டே இருந்தார்கள். மரங்களை மலை உச்சியிலிருந்து சரித்து உருட்டியதால்தான் டாப்ஸ்லிப் என்ற பெயரே வந்தது. அப்படி மொட்டையான மலையில் மறுபடி தேக்கை வளர்த்த வன அதிகாரி வுட். 1933இல் இறந்தார், இங்கேயே அடக்கம் செய்யச் சொல்லியிருந்தார். பையில் தேக்கு விதையோடு நடந்து, கைத்தடியால் குழி குத்தி ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போவார் என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். கல்லறையைச் சுற்றி நிற்பவை தேக்கு மரங்கள்தான்.

இரவு

திறந்த புல்வெளியில் புள்ளிமானும் காட்டுப்பன்றியும் சாயங்காலமே வந்துவிடும். வராந்தாவில் உட்கார்ந்து பாருங்கள், இறங்கிப் போகாதீர்கள். புள்ளிமான் திடீரென்று கூர்மையாகத் திரும்பத் திரும்பக் கத்தினால் எதையோ பார்த்து மிரண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்போது எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திவிடுங்கள். டார்ச்சைத் தரையில் மட்டும் அடியுங்கள், விலங்கின் கண்ணில் வேண்டாம். பாட்டுப் போடாதீர்கள். பத்து நிமிடம் பேசாமல் இருந்தால் காது தானாகப் பழகிவிடும்.

காலை

ஆறரைக்குத் தயாராகிவிடுங்கள். நடைக்கு வழிகாட்டி இல்லாமல் போகக் கூடாது. காடர், மலசர் போன்ற இந்த மலையின் பழங்குடியினர்தான் பெரும்பாலும் கூட வருவார்கள். மரத்தின் மேல் கருமந்தியையும், இருவாச்சிப் பறவையின் சிறகடிப்பையும் நமக்கு முன்னால் கண்டுபிடிப்பது அவர்கள்தான். "நில்லுங்க சார்" என்று சொன்னால் கேள்வி கேட்காமல் அந்த இடத்திலேயே நில்லுங்கள். கோழிக்கமுத்தி யானை முகாமைப் பார்க்க விரும்பினால் முந்தின நாளே சொல்லி வையுங்கள், வனத்துறை வண்டியில்தான் போக முடியும்.

கிளம்பும்போது கட்டிலுக்கு அடியில் ஒருமுறை குனிந்து பாருங்கள். மிட்டாய்க் காகிதம், மாத்திரை அட்டை, எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள். பொள்ளாச்சி வந்த பிறகு குப்பைத் தொட்டியில் போடலாம்.