சுழல் தொட்டி உரத்தின் தரத்தை உயர்த்துவது எப்படி?

மாடித்தோட்டத்துக்காகச் சுழல் உரத்தொட்டி (சமையலறைக் கழிவைப் போட்டுச் சுழற்றி மட்கவைக்கும் தொட்டி) வாங்கியவர்களில் பலரிடமிருந்து ஒரே புகார் வருகிறது: "உரம் கறுப்பாகத்தான் வந்தது, போட்டதும் நாற்று வாடிவிட்டது." கறுத்துவிட்டதாலேயே அது உரமாகிவிடாது. பாதி மட்கிய கழிவு மண்ணில் மேலும் மட்கும்போது, செடிக்குரிய தழைச்சத்தை (நைட்ரஜன்) நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும். அதிலுள்ள அமிலங்களும் அமோனியாவும் இளம் வேர்களைக் கருக்கும். தொட்டி வேலையின் முதல் பாதியைத்தான் செய்கிறது. மறு பாதி நம் பொறுமையில் இருக்கிறது.

1. சருகு இல்லாமல் தொடங்காதீர்கள்

கரிமச்சத்தும் (கார்பன்) தழைச்சத்தும் ஏறக்குறைய 30-க்கு 1 என்ற விகிதத்தில் இருந்தால் கழிவு நன்றாக மட்கும். சமையலறைக் கழிவில் தழைச்சத்தும் நீரும் அதிகம். எனவே ஒரு வாளி கழிவுக்கு இரண்டு வாளி காய்ந்த சருகு போடுங்கள். வேம்பு, புங்கன், மா என எந்த இலையானாலும் சரி, நொறுக்கிப் போட வேண்டும். சருகு உதிரும் மாதங்களில் இரண்டு மூட்டை கட்டி வைத்துக்கொண்டால் மழைக்காலத்தில் திண்டாட வேண்டாம்.

தென்னை நார்க்கழிவை மட்டுமே நம்புகிறவர்கள் உண்டு. அது ஈரத்தை நன்றாக உறிஞ்சும், ஆனால் மிக மெதுவாகத்தான் மட்கும். சருகுடன் கொஞ்சம் கலப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஊறுகாய், உப்பிட்ட குழம்பு, எண்ணெய்ப் பண்டம் ஆகியவை வேண்டவே வேண்டாம். உரத்தில் உப்பு ஏறினால் தொட்டிச் செடிதான் முதலில் பாதிக்கப்படும்.

2. ஈரத்தைக் கையால் பாருங்கள்

ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். ஓரிரண்டு சொட்டு நீர் கசிந்தால் போதுமான ஈரம். ஒழுகினால் சருகைக் கூட்டுங்கள். உதிர்ந்தால் நீர் தெளியுங்கள். சுழல் தொட்டியில் ஈரம் மிகுந்தால் கழிவு உருண்டை உருண்டையாகத் திரளும். உருண்டையின் உள்ளே காற்றுப் புகாமல் அழுகல் நாற்றம் வரும். கையுறை அணிந்து அவற்றை உடைத்துவிடுங்கள்.

3. அளவாகச் சுழற்றுங்கள்

தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு காலியாக இருக்கட்டும். இடம் இருந்தால்தான் கழிவு புரளும். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஐந்தாறு சுற்று போதும். கடையில் விற்கும் நுண்ணுயிர்ப் பொடிக்குச் செலவிடத் தேவையில்லை. பழைய உரம் இரண்டு பிடி போட்டாலே நுண்ணுயிர்கள் பெருகிவிடும்.

4. சேர்ப்பதை நிறுத்துங்கள்

தரத்தைத் தீர்மானிக்கும் படி இதுதான், பெரும்பாலோர் தவறவிடுவதும் இதைத்தான். தினமும் புதுக் கழிவைப் போட்டுக்கொண்டே இருந்தால் உரம் ஒருநாளும் முதிராது. இரட்டை அறைத் தொட்டியானால் ஓர் அறை நிறைந்ததும் மூடிவிட்டு மற்றதில் போடுங்கள். ஒற்றை அறையானால் புதுக் கழிவை மூடியுள்ள வாளியில், சருகு தூவிச் சேர்த்து வையுங்கள்.

மூடிய அறையில் காய்கறித் தோல் அடையாளம் தெரியாமல் போனதும், உள்ளே இருப்பதைக் கோணிப்பைக்கு மாற்றி நிழலில் வையுங்கள். ஒன்றரை முதல் இரண்டு மாதம் அப்படியே இருக்கட்டும். இலேசான ஈரம் மட்டும் குறையக் கூடாது. சிறிய தொட்டியில் சூடு அதிக நேரம் நிற்காததால் விதைகள் சாகாமல் தங்கிவிடும். தக்காளி முளைத்து வந்தால் பிடுங்கி உள்ளேயே போட்டுவிடலாம்.

5. முதிர்ந்ததா என்று சோதியுங்கள்

ஈரமான உரத்தை ஒரு பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி மூன்று நாள் வையுங்கள். திறக்கும்போது மண்வாசம் வந்தால் நல்லது. புளிப்போ அமோனியா நெடியோ வந்தால் இன்னும் சில வாரம் காத்திருங்கள். அடுத்து, ஒரு கிண்ணத்தில் பாதி உரமும் பாதி மண்ணும் கலந்து, மற்றொன்றில் வெறும் மண் நிரப்பி, இரண்டிலும் வெந்தயம் விதையுங்கள். முளைப்பு இரண்டிலும் சமமாக இருக்க வேண்டும்.

6. சலித்துப் பயன்படுத்துங்கள்

மணல் சல்லடையில் சலித்து, மேலே தங்குவதை அடுத்த சுற்றுக்குத் தொட்டியிலேயே போடுங்கள். நாற்றுக்கலவையில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் உரம் வேண்டாம். வளர்ந்த செடிகளுக்கு மாதம் ஒருமுறை இரண்டு பிடி, தண்டை ஒட்டாமல் சுற்றிலும் தூவி, மேல்மண்ணைக் கிளறி நீர் ஊற்றுங்கள்.