மலேசியாவில் நியாயமில்லாமல் வேலையை விட்டு நீக்கினால்: 60 நாளுக்குள் செய்ய வேண்டியவை

திடீரென்று "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்களா? 1967ஆம் ஆண்டு தொழில்துறை உறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவு உங்களுக்காகவே இருக்கிறது. தனியார் துறையில் சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் இது பொருந்தும். தகுதிகாண் காலத்தில் இருப்பவரும் புகார் செய்யலாம்.

1. எதிலும் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள்

இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். "நீங்களே ராஜினாமா கொடுத்துவிடுங்கள், பேர் கெடாது" என்று அன்பாகத்தான் பேசுவார்கள். கொடுத்துவிட்டால், கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும். சொக்சோவின் (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) வேலை காப்புறுதிப் பணமும் தானாக விலகியவருக்குக் கிடையாது. "வீட்டில் படித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று கடிதத்தை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். வாயால் மட்டும் நீக்கினால், அன்றே வாட்சாப்பிலோ மின்னஞ்சலிலோ காரணம் கேட்டு எழுதுங்கள்.

2. தாள்களைச் சேர்த்து வையுங்கள்

நியமனக் கடிதம், சம்பளச் சிட்டை, விளக்கம் கேட்டு வந்த கடிதம், அதற்கு நீங்கள் தந்த பதில், மேலாளரின் செய்திகள். அலுவலக மின்னஞ்சலை எந்த நேரமும் மூடிவிடலாம், அதனால் உங்களுக்கு வந்த கடிதங்களை முதலிலேயே எடுத்து வையுங்கள். அப்புறம் நடந்ததைத் தேதிவாரியாக ஒரு பக்கத்தில் எழுதுங்கள்.

3. சரியான அலுவலகத்துக்குப் போங்கள்

இங்கேதான் பலர் நாட்களை வீணாக்குகிறார்கள். பாக்கிச் சம்பளம், ஓவர்டைம் போன்றவற்றுக்கு ஜபாத்தான் தெனாகா கெர்ஜா (தொழிலாளர் துறை). வேலை நீக்கத்தை எதிர்க்க ஜபாத்தான் பெர்ஹுபுங்கான் பெருசாஹான் (தொழில்துறை உறவுத் துறை). நீக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள் இரண்டாவது அலுவலகத்தில் மனு பதிவாக வேண்டும். 61ஆம் நாள் போனால், காரணம் எவ்வளவு நியாயமாக இருந்தாலும் எடுக்க மாட்டார்கள். நிறுவனத்துக்குள் மேல்முறையீடு நடக்கிறது என்று காத்திருப்பதும் இந்தக் கெடுவை நிறுத்தாது. மனுவில், பழைய வேலையையே திரும்பத் தர வேண்டும் என்று கேளுங்கள். இந்தப் பிரிவு கேட்பது அதைத்தான்.

4. சமரசக் கூட்டம்

அதிகாரி இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவார். இந்தக் கட்டத்தில் வழக்கறிஞருக்கு இடமில்லை. தொழிற்சங்கத்தில் உறுப்பினராக இருந்தால் அதன் பொறுப்பாளரை அழைத்துப் போங்கள். கூட்டத்துக்குக் கட்டாயம் போங்கள். ஒரு தொகை தருகிறோம் என்றால், அங்கேயே தலையாட்டாமல் யோசிக்க நேரம் கேளுங்கள்.

5. தொழில்துறை நீதிமன்றம்

சமரசம் ஆகாவிட்டால் வழக்கு இங்கே வரும். முன்பு மனிதவள அமைச்சர் முடிவெடுத்தால்தான் வரும், 2021 முதல் தொழில்துறை உறவுத் துறையின் தலைமை இயக்குநரே நேராக அனுப்பிவிடுகிறார். நீக்கியதற்கு நியாயமான காரணம் இருந்தது என்று முதலாளிதான் நிரூபிக்க வேண்டும். நோட்டீஸ் பணம் கொடுத்துவிட்டோம் என்பது மட்டும் காரணமாகாது. வென்றால் பின்சம்பளம் (நீக்கியதால் இழந்த சம்பளம்) அதிகபட்சம் 24 மாதம், தகுதிகாண் ஊழியருக்கு 12 மாதம். திரும்ப வேலைக்கு எடுப்பது முடியாத காரியம் என்றால் அதற்கு ஈடாகப் பொதுவாக, வேலை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம் தருவார்கள்.

வழக்கு முடிய நாளாகும். அதுவரை வேறு வேலை தேடிக்கொள்ளுங்கள், அதனால் வழக்கு போய்விடாது. அந்த வருமானத்தைக் கணக்கில் எடுத்துப் பின்சம்பளத்தைக் குறைக்கலாம், அவ்வளவுதான். சொக்சோவிடம் வேலை காப்புறுதிப் பணத்துக்கும் வேலை இழந்த 60 நாளுக்குள் விண்ணப்பித்துவிடுங்கள்.