வைஃபையில் ஓடும் ப்ராக்ஸ்மாக்ஸ்: சர்வருக்கு நெட் இருந்தும் உள்ளே இருக்கும் விஎம்களுக்கு இல்லையா?

பழைய லேப்டாப்பிலோ மினி பிசியிலோ ப்ராக்ஸ்மாக்ஸ் (ஒரே கணினியில் பல விர்ச்சுவல் மெஷின்களை ஓட்ட உதவும் அமைப்பு) போட்டு, கேபிள் இழுக்க வழியில்லாமல் வைஃபையில் இணைப்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொள்கிறார்கள். சர்வரிலிருந்து பிங் போகும், பிரௌசரில் ப்ராக்ஸ்மாக்ஸின் நிர்வாகப் பக்கமான 8006 போர்ட் திறக்கும். உள்ளே ஓடும் விர்ச்சுவல் மெஷினுக்கு (விஎம்) மட்டும் ஐபி முகவரியே கிடைக்காது. விஎம்களை வெளி வலையோடு இணைக்கும் மென்பொருள் சுவிட்சான விஎம்பிஆர்0 பிரிட்ஜில் வைஃபை கார்டைச் சேர்க்கப் போனால் 'ஆபரேஷன் நாட் சப்போர்ட்டட்' என்று வரும். டிரைவரை மாற்றினாலும் மறுபடி இன்ஸ்டால் செய்தாலும் இது தீராது. கார்டில் பழுது எதுவும் இல்லை. வைஃபை வேலை செய்யும் விதமே அப்படி.

ஈதர்நெட் கேபிளில் எத்தனை மேக் முகவரிகள் (ஒவ்வொரு நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) வேண்டுமானாலும் போகலாம். எந்த முகவரி எந்தப் பக்கம் என்று சுவிட்ச் தானே கற்றுக்கொள்ளும். வைஃபையில் கிளையன்ட் அனுப்பும் சாதாரண ஃப்ரேமில் மூன்று முகவரிகளுக்குத்தான் இடம்: ரவுட்டரின் ரேடியோ, அனுப்பும் கார்டு, போய்ச் சேர வேண்டிய கருவி. அனுப்பும் கார்டுக்குப் பின்னால் வேறொருவர் இருக்கிறார் என்று சொல்ல இடமே இல்லை. பாஸ்வேர்டு கொடுத்து இணைந்தது சர்வரின் கார்டு மட்டும்தான் என்பதால், விஎம்மின் மேக் முகவரியை ரவுட்டர் ஏற்காது. லினக்ஸ் கெர்னலும் இதை அறிந்தே பிரிட்ஜில் சேர்க்க மறுக்கிறது. விஎம்மைவிட இலகுவான எல்எக்ஸ்சி கன்டெய்னர்களுக்கும் இதே கதிதான். 'விர்ச்சுவல்பாக்ஸில் வைஃபை பிரிட்ஜ் வேலை செய்ததே' என்று கேட்கலாம். அது வெளியே போகும் பாக்கெட்டில் விஎம்மின் மேக்கை அழித்து, கார்டின் மேக்கை எழுதி அனுப்புகிறது. ப்ராக்ஸ்மாக்ஸின் லினக்ஸ் பிரிட்ஜ் அப்படிச் செய்வதில்லை.

முதலில் சர்வரைச் சரிபாருங்கள்

சர்வரே தடுமாறும்போது விஎம்மைக் குடைவதில் பயனில்லை. 'ஐபி லிங்க்' கட்டளையில் டபிள்யூஎல் என்று தொடங்கும் பெயர் தெரிய வேண்டும். இந்தக் கட்டுரையில் அதை டபிள்யூஎல்பி2எஸ்0 என்று வைத்துக்கொள்வோம். தெரியவில்லை என்றால் 'டிமெஸ்ஜி' கட்டளை காட்டும் கெர்னல் பதிவில் ஃபர்ம்வேர் (கார்டை இயக்கும் உள் மென்பொருள்) பிழை இருக்கிறதா என்று தேடுங்கள். இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. டெபியன் வழிகாட்டிகளைப் பார்த்து 'ஃபர்ம்வேர்-ஐடபிள்யூஎல்வைஃபை' தொகுப்பை நிறுவ வேண்டாம். அது ப்ராக்ஸ்மாக்ஸின் சொந்த 'பிவிஇ-ஃபர்ம்வேர்' தொகுப்போடு மோதும். ப்ராக்ஸ்மாக்ஸையே நீக்கட்டுமா என்று தொகுப்புகளை நிறுவும் ஏபிடி கேட்கும். இன்டெல் கார்டுகளுக்கான ஃபர்ம்வேர் பிவிஇ-ஃபர்ம்வேரிலேயே இருக்கிறது.

வைஃபை அணைக்கப்பட்டிருக்கிறதா என்று காட்டும் 'ஆர்எஃப்கில் லிஸ்ட்' போட்டு, சாஃப்ட் பிளாக்டு என்று இருந்தால் அன்பிளாக் செய்யுங்கள். ஹார்டு பிளாக்டு என்றால் லேப்டாப்பின் வைஃபை பட்டனைத் தேட வேண்டும். அடுத்தது, வைஃபையில் பாஸ்வேர்டு கொடுத்து இணைக்கும் 'டபிள்யூபிஏசப்ளிகன்ட்' தொகுப்பு. ப்ராக்ஸ்மாக்ஸில் இது தானாக வருவதில்லை. நிறுவ நெட் வேண்டும். ஃபோனை யூஎஸ்பி டெதரிங்கில் செருகினால் அந்த நேரத்துக்குப் போதும்.

வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் டபிள்யூபிஏ_பாஸ்ஃப்ரேஸ் கட்டளையில் கொடுத்து, வருவதை 'டபிள்யூபிஏ_சப்ளிகன்ட்-டபிள்யூஎல்பி2எஸ்0' என்ற பெயருள்ள கான்ஃப் கோப்பில் சேமியுங்கள். பிறகு அதே இன்டர்ஃபேஸ் பெயருக்கான சிஸ்டம்டி சர்வீஸை எனேபிள் செய்யுங்கள். அந்தக் கோப்பில் பாஸ்வேர்டு குறிப்பு வரியாக அப்படியே வெளியே தெரியும்; அந்த வரியை அழித்து, கோப்பின் அனுமதியை 600 ஆக்குங்கள். ரவுட்டர் டபிள்யூபிஏ3 மட்டும் பேசினால், அந்தக் கட்டளை பாஸ்வேர்டிலிருந்து உருவாக்கித் தந்த ஹாஷ் செல்லாது. மேற்கோள் குறிக்குள் அசல் பாஸ்வேர்டே வேண்டும், கீ மேனேஜ்மென்ட் எஸ்ஏஇ ஆகவும் ஐஈஈஈ80211டபிள்யூ மதிப்பு 2 ஆகவும் இருக்க வேண்டும்.

வைஃபை இணைந்த பிறகும் நெட் இல்லையா? 'ஐபி ரூட்' போட்டுப் பாருங்கள். அதிகம் பேரைக் குழப்பும் பிழை இதுதான். இன்ஸ்டால் செய்யும்போது விஎம்பிஆர்0-வுக்குக் கொடுத்த 192.168.1 முகவரியும் கேட்வேயும் அப்படியே இருக்கும். அதே வலையில் வைஃபைக்கும் ஒரு முகவரி கிடைத்திருக்கும். டிஃபால்ட் என்று தொடங்கும் இரண்டு வரிகள் தெரிந்து, அதில் விஎம்பிஆர்0 வரியின் கடைசியில் லிங்க்டவுன் என்று இருந்தால், பாக்கெட்டுகள் கேபிளே செருகாத துளைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. கேட்வே ஒரே இன்டர்ஃபேஸில், அதாவது வைஃபையில் மட்டும் இருக்க வேண்டும்.

வைஃபைக்கு நிலையான முகவரி கொடுங்கள், உதாரணமாக 192.168.1.50. ஈடிசி அடைவின் ஹோஸ்ட்ஸ் கோப்பிலும் சர்வரின் பெயருக்கு எதிரே அதையே எழுதுங்கள். இல்லாவிட்டால் பிவிஇ-கிளஸ்டர் சர்வீஸ் எழும்பாமல் போகலாம். சர்வருக்கு நெட் இருந்தும் உங்கள் லேப்டாப்பில் 8006 திறக்கவில்லை என்றால், சர்வர் கெஸ்ட் வைஃபையில் இருக்கிறதா, ரவுட்டரில் ஏபி ஐசோலேஷன் (வைஃபை கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதைத் தடுக்கும் அமைப்பு) போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

விஎம்களுக்கு நாட்

வைஃபையோடு பிரிட்ஜ் முடியாது என்றானபின், ரவுட்டர் வேலையைச் சர்வரையே பார்க்க வைப்பதுதான் நேர்வழி. விஎம்களின் பாக்கெட்டுகளைச் சர்வர் தன் சொந்த முகவரியில் வெளியே அனுப்பும் இந்த முறைதான் நாட். நெட்வொர்க் அமைப்புகள் இருக்கும் இன்டர்ஃபேசஸ் கோப்பில் விஎம்பிஆர்0-வை இப்படி மாற்றுங்கள்: அட்ரஸ் 10.10.10.1/24, பிரிட்ஜ்-போர்ட்ஸ் நன், பிரிட்ஜ்-எஸ்டிபி ஆஃப், பிரிட்ஜ்-எஃப்டி 0, கேட்வே வரி கிடையாது. அதன் கீழே இரண்டு போஸ்ட்-அப் வரிகள். ஒன்று, ஐபிவி4-இன் ஐபி_ஃபார்வர்டு மதிப்பை 1 ஆக்குவது. இன்னொன்று, ஐபிடேபிள்ஸின் நாட் டேபிளில், போஸ்ட்ரவுட்டிங் செயினில், 10.10.10.0/24-இலிருந்து டபிள்யூஎல்பி2எஸ்0 வழியே வெளியேறுபவற்றை மாஸ்கரேட் செய்வது, அதாவது மூல முகவரியைச் சர்வரின் முகவரியாக மாற்றுவது. இந்த இரண்டாவது விதியை நீக்கும் போஸ்ட்-டவுன் வரியையும் சேர்த்தே எழுதுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு ரீலோடுக்கும் அதே விதி மறுபடி சேரும்.

இந்தப் பிரிட்ஜில் டிஹெச்சிபி தர, அதாவது தானாக ஐபி முகவரி ஒதுக்க, யாரும் இல்லை. விஎம்மில் 10.10.10.5 போன்ற முகவரி, கேட்வே 10.10.10.1, டிஎன்எஸ் ஆகியவற்றைக் கையால் கொடுங்கள். விஎம்கள் பல இருந்தால், முகவரி ஒதுக்கும் வேலையைச் செய்யும் டிஎன்எஸ்மாஸ்கைச் சர்வரில் போட்டு, அது விஎம்பிஆர்0-வில் மட்டும் கேட்கும்படி கட்டிவிடுங்கள்.

விஎம்மிலிருந்து பிங் செய்யும்போது வரிசை முக்கியம். 10.10.10.1 பதில் தராவிட்டால் கோளாறு விஎம்மின் முகவரியிலோ பிரிட்ஜிலோ இருக்கிறது. அது வந்து 192.168.1.1 வராவிட்டால் ஃபார்வர்டிங் அல்லது மாஸ்கரேட். 1.1.1.1 வரை வந்து பெயர்கள் மட்டும் திறக்காவிட்டால் டிஎன்எஸ். நடுவில் சிக்கினால், போகும் வரும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்பை வைஃபை இன்டர்ஃபேஸில் ஓட்டுங்கள். வெளியே போகும் பாக்கெட்டின் மூல முகவரி 10.10.10.5 என்றே இருந்தால் மாஸ்கரேட் விதி பொருந்தவில்லை. இன்டர்ஃபேஸ் பெயரைத் தவறாக எழுதியிருப்பதே இதற்கு வழக்கமான காரணம். பாக்கெட் வெளியே வரவே இல்லை என்றால் ஃபார்வர்டு செயினைப் பாருங்கள். சர்வரிலேயே டாக்கர் நிறுவியிருந்தால் அது அந்தச் செயினின் பாலிசியை டிராப் ஆக்கியிருக்கும். டாக்கரை விஎம்முக்குள் வைப்பதே நல்லது. ப்ராக்ஸ்மாக்ஸ் ஃபயர்வாலை ஆன் செய்ததும் நெட் நின்றால், ரா டேபிளின் ப்ரீரவுட்டிங்கில் எஃப்டபிள்யூபிஆர்+ இன்டர்ஃபேஸ்களுக்கு சிடி ஸோன் 1 விதி சேர்க்க வேண்டும். அதிகாரப்பூர்வ ஆவணமும் இதையே சொல்கிறது.

வெளியிலிருந்து விஎம்முக்கு

வீட்டு ரவுட்டரில் ஸ்டாட்டிக் ரூட் வசதி இருந்தால் 10.10.10.0/24-க்கு 192.168.1.50 வழி என்று ஒரு வரி போடுங்கள். ஃபோனிலிருந்து 10.10.10.5-ஐ நேரடியாகத் திறக்கலாம், மாஸ்கரேடை எடுக்கவும் வேண்டியதில்லை. இன்டர்நெட் நிறுவனம் தந்த ரவுட்டரில் இந்த வசதியைப் பூட்டியிருந்தால், சர்வரில் போர்ட் வாரியாக டிநாட் விதி (சர்வரின் போர்ட்டுக்கு வருவதை விஎம்முக்குத் திருப்பும் விதி) எழுதுங்கள்: வீடியோ சர்வரான ஜெல்லிஃபின்னுக்கு 8096, ஸ்மார்ட் வீட்டு மென்பொருளான ஹோம் அசிஸ்டன்டுக்கு 8123 என்று. எப்படிச் செய்தாலும், ஒரே வலையில் உள்ள கருவிகள் ஒன்றையொன்று கண்டுபிடிக்க உதவும் எம்டிஎன்எஸ் இந்த எல்லையைத் தாண்டாது. ஹோம் அசிஸ்டன்ட் வீட்டுக் கருவிகளைத் தானே கண்டுபிடிக்க வேண்டும் என்றால் நாட் சரிப்படாது.

அப்படிப்பட்டவர்களுக்கு நல்ல தீர்வு, ஓபன்டபிள்யூஆர்டி என்ற திறந்த மென்பொருள் ஓடும் பழைய ரவுட்டரை வைஃபை கிளையன்டாக்கி, சர்வரை அதோடு குட்டைக் கேபிளில் இணைப்பது. இரண்டு ரவுட்டர்களும் டபிள்யூடிஎஸ் என்ற வைஃபை முறையில் பேசினால் ஃப்ரேமில் நான்காவது முகவரிக்கும் இடம் வந்துவிடும். இல்லாவிட்டால், இரு பக்கத்துக்கும் இடையே பாக்கெட்டுகளைக் கடத்தும் ரிலேடி என்ற மென்பொருள் உண்டு. சர்வரைப் பொறுத்தவரை அது கேபிள்தான், விஎம்பிஆர்0-வும் இன்ஸ்டால் செய்தபோது இருந்தபடியே வேலை செய்யும். ஈதர்நெட் துளையுள்ள ரேஞ்ச் எக்ஸ்டென்டரும் உதவும். ஆனால் அவற்றில் பல மேக் முகவரியை மாற்றி எழுதுவதால், முதன்மை ரவுட்டரில் மேக்கை நம்பி வைத்த முகவரி ஒதுக்கீடு குழம்பும்.

எல்லாம் சரியாக இருந்தும் அவ்வப்போது அறுந்தால், 'ஐடபிள்யூ டெவ்' கட்டளையில் பவர்_சேவ் ஆஃப் செய்து, அதையும் போஸ்ட்-அப் வரியாக்குங்கள். லிங்க் விவரத்தில் சிக்னல் -75 டிபிஎம்முக்குக் கீழே இருந்தால் எந்த அமைப்பும் காப்பாற்றாது. சர்வரை இடம் மாற்றுங்கள்.

வைஃபையில் கிளஸ்டர் (பல ப்ராக்ஸ்மாக்ஸ் சர்வர்களின் கூட்டு) மட்டும் கட்ட வேண்டாம். கிளஸ்டரின் சர்வர்களை ஒருங்கிணைக்கும் கோரோசிங்க் 5 மில்லிசெகண்டுக்குள் தாமதத்தை எதிர்பார்க்கிறது. ஹெச்ஏ (ஒரு சர்வர் விழுந்தால் விஎம்களை வேறொன்றில் எழுப்பும் வசதி) இயங்கும் நிலையில் இணைப்பு அறுந்து கோரம் (பெரும்பான்மைத் தொடர்பு) போனால், அந்த நோடு தன்னைத்தானே ரீபூட் செய்துகொள்ளும். அதில் ஓடும் விஎம்களும் அதோடு விழும்.