யோசெமிட்டியில் கூடாரம் போட ஆன்லைனில் இடம் பிடிப்பது எப்படி

கலிபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில், பள்ளத்தாக்குக்குள்ளேயே காரை நிறுத்திக் கூடாரம் போட அப்பர் பைன்ஸ், லோயர் பைன்ஸ், நார்த் பைன்ஸ் என்று மூன்று முகாம்கள் இருக்கின்றன. மூன்றுக்கும் ரெக்ரியேஷன்.கவ் தளத்தில்தான் முன்பதிவு. கோடைக்கால இடங்கள் சில நொடிகளில், மிஞ்சிப்போனால் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். முன்பதிவு திறக்கும் காலை ஏழு மணிக்கு லேப்டாப்பைத் திறந்து, எந்தத் தேதி, எந்த இடம் என்று அப்போதுதான் யோசிக்க ஆரம்பித்தால் ஒன்றும் மிஞ்சாது. பாதி வேலையை முந்தின நாளே முடித்துவிட வேண்டும்.

ஒவ்வொரு மாதமும் 15-ஆம் தேதி, பசிபிக் நேரப்படி காலை 7 மணிக்கு ஒரு மாதத்துக்கான இடங்கள் மொத்தமாகத் திறக்கும். பிப்ரவரி 15 அன்று திறப்பது ஜூன் 15 முதல் ஜூலை 14 வரை வந்து இறங்குபவர்களுக்கு. மார்ச் 15 அன்று திறப்பது ஜூலை 15 முதல் ஆகஸ்ட் 14 வரை. நியூயார்க், நியூஜெர்சியில் இருப்பவர்களுக்கு அது காலை 10 மணி. ஒரு மாதம் முழுக்க ஒரே நொடியில் திறப்பதால், எல்லாரும் முதலில் பாய்வது வெள்ளி, சனி இரவுகள் மேல்தான். ஞாயிறு மாலை போய் புதன் காலை கிளம்புகிற மாதிரி விடுப்பு எடுக்க முடிந்தால் வாய்ப்பு பல மடங்கு கூடும். எங்களைக் கேட்டால், வேறு எந்தத் தந்திரமும் இதற்கு ஈடாகாது.

முந்தின நாள் முகாமின் வரைபடத்தைத் திறந்து, எட்டுப் பத்து இட எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் எண்ணையும் தட்டினால் விவரம் வரும்: வண்டியின் அதிகபட்ச நீளம், கூடாரத்துக்கு மட்டுமா, மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கியதா என்று. இந்த மூன்றையும் பார்க்காமல் பதிவு செய்தால் நேரில் போய்த் திண்டாட வேண்டிவரும். ஆற்றங்கரை இடங்கள்தான் முதலில் போகும். பட்டியலில் அவை ஒன்றிரண்டு இருந்தால் போதும். அப்பர் பைன்ஸில் 200-க்கு மேல் இடங்கள், மற்ற இரண்டில் ஒவ்வொன்றிலும் நூறுகூடத் தேறாது. அதனால் பட்டியலில் பெரும்பகுதி அப்பர் பைன்ஸாக இருக்கட்டும். ஓர் இடத்தில் குழந்தைகளையும் சேர்த்து 6 பேர், 2 வண்டிகள், அவ்வளவுதான். இரண்டு குடும்பம் சேர்ந்து போனால் பெரும்பாலும் இரண்டு இடம் தேவைப்படும்; ஆளுக்கொரு கணக்கிலிருந்து முயலுங்கள். யார் பெயரில் பதிவாகிறதோ அவர் அடையாள அட்டையோடு நேரில் வர வேண்டும், பெயரை இன்னொருவருக்கு மாற்ற முடியாது. ஆகவே வர முடியாத உறவினரின் கணக்கைக் கடன் வாங்காதீர்கள்.

அன்று காலை 6:45-க்கே லாகின் செய்துவிடுங்கள். முகவரி, தொலைபேசி எண் எல்லாம் கணக்கில் ஏற்கெனவே இருக்க வேண்டும், கிரெடிட் கார்டு கையில் இருக்க வேண்டும். டைம்.கவ் தளத்தைப் பக்கத்தில் திறந்து வைத்து நொடியைப் பாருங்கள். ஏழு அடித்ததும் வந்து சேரும் தேதி, கிளம்பும் தேதி இரண்டையும் தட்டி, கார்ட்டில் சேர்க்கும் பொத்தானை அழுத்துங்கள். தேதிக் கட்டத்தில் ‘ஏ’ (A) என்ற ஆங்கில எழுத்து இருந்தால் காலி, ‘ஆர்’ (R) என்றால் போய்விட்டது. ‘ஏ’ தெரிந்தும் பிழைச் செய்தி வந்தால், உங்கள் திரை புதுப்பிக்கப்படும் முன் வேறு ஒருவர் எடுத்துவிட்டார் என்று பொருள். அதே இடத்தையே திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருக்காமல் பட்டியலில் அடுத்த எண்ணுக்குப் போங்கள். பலர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான்.

கார்ட்டில் சேர்ந்துவிட்டால் பணம் கட்ட 15 நிமிடம் உண்டு, பதற வேண்டாம். கிடைக்காதவர்களுக்கும் இந்த 15 நிமிடம்தான் முக்கியம். இரண்டு மூன்று இடத்தைப் பிடித்து வைத்து ஒன்றுக்கு மட்டும் பணம் கட்டுபவர்கள் நிறைய. அவர்கள் விட்ட இடங்கள் 7:15 வாக்கில் திரும்பக் கட்டத்தில் தலைகாட்டும். 7:01-க்கே திரையை மூடிவிடாமல் ஏழரை வரை உட்கார்ந்திருங்கள்.

அதற்குப் பிறகும் கதவு மூடவில்லை. கேன்சல் செய்ய 10 டாலர் கட்டணம். வருவதற்கு முந்தின நாளோ அன்றைக்கோ கேன்சல் செய்தால் அதோடு முதல் இரவு வாடகையும் போகும். அதனால் வெள்ளிக்கிழமை வர வேண்டியவர்கள் புதன்கிழமைக்குள் முடிவெடுப்பார்கள். அந்த வாரம் செவ்வாய், புதன் இரவுகளில் அடிக்கடி பாருங்கள். தளத்திலேயே இடம் காலியானால் தகவல் அனுப்பும் வசதி இருக்கிறது. ஆனால் தகவல் வந்தால் இடம் உங்களுக்காகக் காத்திருக்கும் என்று எண்ண வேண்டாம், பலருக்கும் அதே தகவல் போகும். போனில் லாகின் ஆகியே இருங்கள்.

உங்களிடமே பதிவு இருந்து போக முடியாமல் போனால், தெரிந்த அன்றே தயவுசெய்து கேன்சல் செய்யுங்கள். சொல்லாமல் விட்டால் 20 டாலரும் முதல் இரவு வாடகையும் பிடிப்பார்கள். அதைவிட, இடமே இல்லை என்று திரும்பிய ஒரு குடும்பத்தின் இடம் அன்றிரவு வெறுமனே கிடக்கும்.

மற்றப் பூங்காக்களில் கணக்கு வேறு. கலிபோர்னியா மாநிலப் பூங்காக்களுக்கு ரிசர்வ் கலிபோர்னியா தளம். வந்து சேரும் நாளுக்குச் சரியாக 6 மாதம் முன்பு, காலை 8 மணிக்கு, ஒவ்வொரு நாளாகத் திறக்கும். சனிக்கிழமைக்கு நீங்கள் காத்திருக்கும்போது, வியாழனோ வெள்ளியோ வந்து சேர்வதாகப் பதிவு செய்தவர்கள் சனி இரவையும் சேர்த்து எடுத்துப் போயிருப்பார்கள். இங்கே வியாழனிலிருந்து தங்கத் தயாராக இருப்பவருக்குத்தான் வாரக்கடைசி கிடைக்கும்.

எதுவும் அமையவில்லையா? யோசெமிட்டியின் கேம்ப் 4 என்ற முகாமுக்குக் கோடையில் முன்பதிவு, வந்து சேரும் நாளுக்கு ஒரு வாரம் முன்புதான் திறக்கும். கூடாரம் மட்டும், இடத்தை அறிமுகமில்லாதவர்களோடு பகிர வேண்டும். பூங்கா எல்லைக்கு வெளியே ஸ்டானிஸ்லாஸ், சியரா தேசிய வனங்களில் அனுமதிக்கப்பட்ட பகுதிகளில் காசில்லாமல் கூடாரம் போடலாம். கழிப்பறை, தண்ணீர் இருக்காது. கேஸ் அடுப்பு பற்றவைக்கக்கூட கலிபோர்னியா கேம்ப்ஃபயர் பெர்மிட் வேண்டும். ஆன்லைனில் இலவசமாகக் கிடைக்கும். பூங்காவுக்குள் சாலையோரம் காரிலேயே படுத்துக்கொள்ளலாம் என்று மட்டும் திட்டம் போடாதீர்கள், அதற்கு அனுமதி கிடையாது.