எல்பிஜிக்கு மாற்றிய காரில் லீன் கலவைக் கோளாறு: எங்கிருந்து தேடத் தொடங்குவது?

பெட்ரோலில் சீராக ஓடும் கார் கேஸுக்கு மாறியதும் மேட்டில் திணறுகிறது. ஆக்சிலரேட்டரை அழுத்தினால் ஒரு கணம் தயங்கிவிட்டு உதறுகிறது. சில நாட்களில் செக் என்ஜின் விளக்கும் எரிந்து, ஸ்கேனரில் பி 0171 என்ற குறியீடு தெரிகிறது. என்ஜினுக்குள் போகும் கலவையில் காற்று மிகுந்து எரிபொருள் குறைந்திருக்கிறது என்பதே அதன் பொருள். மெக்கானிக்குகள் இதை லீன் என்பார்கள். பிக்கப் குறைவதோடு இது நிற்பதில்லை. பளு ஏற்றிய நிலையில் தொடர்ந்து லீனாக ஓடும் என்ஜினில் எக்சாஸ்ட் வால்வும் வால்வ் சீட்டும் அளவுக்கு மீறிச் சூடாகித் தேய்ந்துபோகும் என்பதால், குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டிக்கொண்டே இருப்பது சரியல்ல.

என் காரில் இதே கோளாறு வந்தபோது ஒரு பட்டறையில் எதையும் அளந்து பார்க்காமல் ரெடியூசரின் (திரவ எல்பிஜியை ஆவியாக்கி, அழுத்தத்தைக் குறைத்து அனுப்பும் பாகம்) அழுத்தத் திருகைத் திருகிக் கொடுத்தார்கள். ஒரு வாரம் நன்றாக ஓடியது. பிறகு பழைய திணறல் திரும்பிவிட்டது. உண்மையான காரணம், நெடுநாள் மாற்றாமல் விட்ட கேஸ் ஃபில்டர். ஆகவே, கோளாறு எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியும் வரை திருகையும் தொடாதீர்கள், கேஸ் கம்ப்யூட்டரின் மேப்பையும் (எந்த நிலையில் எவ்வளவு கேஸ் விடுவது என்ற அட்டவணை) தொடாதீர்கள்.

முதலில் எல்பிஜி கிட் வேலை செய்யும் விதம்

இங்கே சொல்வது ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி கேஸ் இன்ஜெக்டர் உள்ள சீக்வென்ஷியல் கிட்டுக்குப் பொருந்தும். பெட்ரோல் இன்ஜெக்டர் எத்தனை மில்லிசெகண்டு திறக்க வேண்டும் என்பதைக் காரின் சொந்தக் கம்ப்யூட்டர்தான் தீர்மானிக்கிறது. கேஸ் கம்ப்யூட்டர் அந்த நேரத்தை வாங்கி, கேஸின் அழுத்தத்துக்கும் வெப்பநிலைக்கும் ஏற்ப மாற்றிக் கேஸ் இன்ஜெக்டரைத் திறக்கிறது. புகையில் ஆக்சிஜன் மிகுந்திருப்பதாக ஆக்சிஜன் சென்சார் சொன்னால், ஓடுவது கேஸா பெட்ரோலா என்று அறியாத காரின் கம்ப்யூட்டர், திறப்பு நேரத்தை நீட்டிக்கொண்டே போகும். அந்தத் திருத்தத்தின் சதவீதமே ஃப்யூவல் ட்ரிம். நம் தேடல் முழுவதற்கும் இந்த எண்தான் வழிகாட்டி.

படி 1: இரண்டு எரிபொருளிலும் ட்ரிம்மைக் குறித்துக்கொள்ளுங்கள்

ஓபிடி ஸ்கேனரைப் பொருத்தி, என்ஜின் முழுச் சூட்டுக்கு வந்த பிறகு, பெட்ரோலில் ஐடிலிங்கிலும் 2500 ஆர்பிஎம்மிலும் குறுகிய கால ட்ரிம் (அந்தக் கணத்தின் திருத்தம்), நீண்ட கால ட்ரிம் (கம்ப்யூட்டர் கற்று நினைவில் வைத்த திருத்தம்) இரண்டையும் எழுதிக்கொண்டு, அவற்றைக் கூட்டிப் பாருங்கள். பிறகு கேஸுக்கு மாற்றி அதையே செய்யுங்கள். கூட்டுத்தொகை பூஜ்யத்தை ஒட்டி, கூடினாலும் குறைந்தாலும் 5 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது; 10ஐத் தாண்டினால் சந்தேகப்பட வேண்டும். கேஸில் கற்றுக்கொண்ட நீண்ட கால ட்ரிம் சில கார்களில் பெட்ரோலுக்கு மாறிய பின்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். எனவே சோதனைக்கு முன் ஓரிரு நாள் பெட்ரோலில் மட்டும் ஓட்டுவது நல்லது. எரிபொருளை மாற்றிய உடனே குறுகிய கால ட்ரிம் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதையும் கவனியுங்கள்.

இரண்டிலும் ட்ரிம் உயர்ந்திருந்தால் கோளாறு பொதுவானது. ஐடிலிங்கில் அதிகமாக இருந்து 2500இல் குறைந்தால், என்ஜினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டில் எங்கோ காற்று கசிந்து உள்ளே போகிறது. கிட் பொருத்தும்போது மேனிஃபோல்டில் போட்ட, கேஸை உள்ளே விடும் நாசில்களுக்கான துளைகளும், ரெடியூசருக்குப் போகும் வேக்குவம் ஹோஸின் இணைப்பும் புதிதாக உண்டாக்கப்பட்ட கசிவு வாய்ப்புகள் என்பதால், அங்கிருந்தே தொடங்குங்கள். பளு ஏற ஏற ட்ரிம்மும் ஏறினால், காற்றளவு சென்சாரில் அழுக்கு படிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் எக்சாஸ்ட்டில் ஓட்டை இருந்தாலும் பொய்யான லீன் தெரியும்.

பெட்ரோலில் சரி, கேஸில் மட்டும் உயர்வு என்றால் கீழே தொடருங்கள்.

படி 2: ஸ்பார்க் பிளக்

கேஸ் கலவையைப் பற்றவைக்கப் பெட்ரோலைவிடக் கூடுதல் மின்னழுத்தம் தேவை. தேய்ந்த பிளக்கோ பலவீனமான காயிலோ பெட்ரோலில் சமாளித்துவிட்டு, கேஸில் மிஸ்ஃபயர் கொடுக்கும். எரியாத கலவையிலுள்ள ஆக்சிஜன் அப்படியே வெளியே வர, சென்சார் அதை லீன் என்று படிக்கும்.

படி 3: அழுத்தமும் ஃபில்டரும்

கிட்டின் மென்பொருளை மடிக்கணினியில் இணைத்து, உதவிக்கு ஒருவரை வைத்துக்கொண்டு, ஓடும்போது கேஸ் அழுத்தத்தைப் பாருங்கள். பல கிட்களில் இது மேனிஃபோல்டு அழுத்தத்தைவிட ஏறக்குறைய 1 பார் அதிகமாக இருக்கும். உங்கள் கிட்டின் கையேட்டு அளவே இறுதியானது. ஐடிலிங்கில் சரியாக இருந்து, ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது சரிந்தால், ஃபில்டர் அடைத்திருக்கலாம் அல்லது டாங்க் வால்வு முழுதாகத் திறக்காமல் இருக்கலாம். வால்வைச் சட்டென்று திறந்தால் அதற்குள் இருக்கும் மிகைப்பாய்வுத் தடுப்பு மூடிக்கொள்ளும். மெதுவாகத் திறக்க வேண்டும்.

ஃபில்டரை மாற்றும் முன் காரைத் திறந்தவெளியில் நிறுத்துங்கள். எல்பிஜி ஆவி காற்றைவிடக் கனமானது. சர்வீஸ் குழியிலும் மூடிய கராஜிலும் தரையோடு தேங்கி நிற்கும். டாங்க் வால்வை மூடி, என்ஜினைக் கேஸிலேயே ஓடவிட்டு, குழாயிலுள்ளது தீர்ந்து அது தானாகப் பெட்ரோலுக்கு மாறிய பிறகு அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். அதன் பிறகும் மிச்ச அழுத்தம் இருக்கும் என்று எண்ணியே இணைப்பை மெல்லத் தளர்த்துங்கள். புது ஓ-ரிங்குகளோடு பூட்டி, வால்வைத் திறந்து, எல்லா இணைப்புகளிலும் சோப்புநீர் தடவுங்கள். ஒரு குமிழி வந்தாலும் காரை ஓட்டக் கூடாது. இந்த வேலையில் தயக்கம் இருந்தால், கிட் பொருத்த அங்கீகாரம் பெற்ற இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

படி 4: ரெடியூசரின் சூடு

திரவ எல்பிஜி ஆவியாகும்போது வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். அந்த வெப்பத்தை என்ஜின் கூலண்ட் தருகிறது. என்ஜின் சூடான பிறகும் ரெடியூசர் மேல் பனி படிந்தாலோ, கூலண்ட் ஹோஸ்களில் ஒன்று குளிர்ந்திருந்தாலோ, கூலண்ட் குறைவு அல்லது ஏர் லாக் (குழாயில் காற்று அடைத்திருப்பது) என்று கொள்ளலாம். ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்காதீர்கள்.

படி 5: கேஸ் இன்ஜெக்டர்

எண்ணெய்ப் பிசுக்கு படிந்து ஒரு இன்ஜெக்டர் மட்டும் ஒட்டிக்கொண்டால், ஐடிலிங்கில் ஒரே தாளத்தில் உதறல் வரும். பல மென்பொருள்களில் ஒவ்வொரு சிலிண்டராகப் பெட்ரோலுக்கு மாற்றிப் பார்க்கும் வசதி உண்டு. எந்தச் சிலிண்டரை மாற்றும்போது உதறல் நிற்கிறதோ, அதன் இன்ஜெக்டரே குற்றவாளி.

படி 6: நாசிலும் மேப்பும், கடைசியாக மட்டுமே

6000 ஆர்பிஎம்மில் ஒரு முழுச் சுழற்சிக்கு, அதாவது இரண்டு சுற்றுக்கு, கிடைக்கும் நேரம் 20 மில்லிசெகண்டு. நாசில் துளை சிறியதாக இருந்து, கேஸ் இன்ஜெக்டர் திறந்திருக்க வேண்டிய நேரம் அந்த 20ஐ எட்டிவிட்டால், அதற்கு மேல் மேப்பில் எவ்வளவு கூட்டினாலும் எரிபொருள் கூடாது. வேகத்தில் மட்டும் லீனாகும் கார்களில் இதைப் பார்க்க வேண்டும். துளையைப் பெரிதாக்கி மறுபடி மேப் போடுவது கிட் பொருத்துபவரின் வேலை. மேலே சொன்ன அளவுகளை எழுதிய தாளை அவரிடம் கொடுங்கள். அவர் யூகிக்க வேண்டியிருக்காது.

எது சரி செய்யப்பட்டாலும், குறியீட்டை அழித்து, சில நாள் கேஸில் ஓட்டிய பிறகு படி 1இல் எடுத்த அதே அளவுகளை மீண்டும் எடுத்து, பழைய எண்களுக்குப் பக்கத்தில் எழுதிவையுங்கள்.