வார்ப்புக் கிட்டிலிருந்து டேப்பிங் ஸ்டாண்ட்: இரு துளைகளையும் இணையாகக் குடைவது எப்படி?

கையால் மரை போடும்போது, துளைக்குள் திருகுமரை வெட்டும் கருவியான டேப் சாயாமல் இறங்க உதவும் டேப்பிங் ஸ்டாண்டை, வார்ப்புகளும் (மணல் அச்சில் ஊற்றி எடுத்த, இன்னும் சீவாத இரும்பு உறுப்புகள்) வரைபடமும் அடங்கிய கிட்டாக வாங்கி, வீட்டுப் பட்டறையிலேயே செய்து முடித்தேன். அடித்தளம், தூண், தூணைப் பற்றும் கை, அதன் மறுமுனையில் டேப்பைத் தாங்கும் தண்டு என உறுப்புகள் சிலவே.

முதலில், வார்ப்புகளில் ஒட்டியிருக்கும் மணலைக் கம்பித் தூரிகையால் நீக்கிவிடுங்கள். வார்ப்பிரும்பின் மேற்தோல் கடினமானது. ஆகவே முதல் வெட்டே அத்தோலுக்கு அடியில், 1 மி.மீ.க்குக் குறையாத ஆழத்தில் செல்ல வேண்டும். தயங்கித் தயங்கிச் சீவினால் டூலின் முனை தோலில் உரசியே மழுங்கிவிடும். இதற்கு மிகக் கடினமான கார்பைடு முனை கொண்ட டூலையே பரிந்துரைப்பேன். வெட்டும்போது எண்ணெய் வேண்டாம். ஆனால் கரிய பொடி லேத்தின் (கடைசல் இயந்திரத்தின்) படுகையைத் தேய்க்கும் என்பதால், வேலை முடிந்ததும் நன்றாகத் துடைத்து எண்ணெயிடுங்கள்.

நான் தவறியது ஸ்டாண்டின் கையைக் குடைந்தபோதுதான். தூணுக்கான துளையும் தண்டுக்கான துளையும் இணையாக இல்லாவிட்டால், மற்றவை துல்லியமாக இருந்தும் பயனில்லை. ஒரு துளையைக் குடைந்தபின், வார்ப்பைப் புரட்டி, சீவாத மறுமுகத்தை ஃபேஸ் பிளேட்டில் (லேத்தில் சுழலும் தட்டையான வட்டத் தட்டில்) பதித்து மற்றதைக் குடைந்தேன். இரு துளைகளிலும் நேரான தண்டுகளைச் செருகி, இடைவெளியைக் கையை ஒட்டியும் 100 மி.மீ. மேலேயும் வெர்னியரால் அளந்தபோது 0.4 மி.மீ. வேறுபாடு தெரிந்தது. வேறொரு வார்ப்பு வாங்க நேர்ந்தது.

இரண்டாம் முறை, கையின் இரு முனைகளின் அடிமுகங்களையும் ஒரே பிடியில், ஒரே மட்டத்துக்குச் சீவினேன். அம்முகத்தைச் சமதடிமனுள்ள பட்டைகளின் மீது ஃபேஸ் பிளேட்டில் பதித்து முதல் துளையைக் குடைந்தபின், வார்ப்பைப் புரட்டாமல், பக்கவாட்டில் மட்டும் நகர்த்தி, அடுத்த துளையின் இடத்தை மையத்துக்குக் கொண்டுவந்தேன். இரு துளைகளும் ஒரே முகத்துக்குச் செங்குத்தாக இருப்பதால் தாமாகவே இணையாகிவிடுகின்றன. எடை ஒருபக்கமாகச் சாய்வதால், எதிர்ப்பக்கம் ஒரு இரும்புத் துண்டைப் போல்ட்டால் இறுக்கி, குறைந்த வேகத்திலேயே ஓட்டுங்கள்.

டிரில்லையும், துளையைச் சரியான அளவுக்கு மெருகேற்றும் ரீமரையும் மட்டும் நம்பாதீர்கள். அவை ஏற்கெனவே உள்ள துளையின் சாய்வைப் பின்பற்றிச் செல்லும், துளையின் உட்சுவரை ஒற்றை முனையால் சீவும் போரிங் பார்தான் அதைத் திருத்தும். கடைசி அளவை வரைபடத்திலிருந்து எடுக்காமல், உங்களிடமுள்ள தூணை மைக்ரோமீட்டரால் அளந்து அதற்கேற்பக் குடையுங்கள். தூணை இறுக்குவதற்காகக் கையின் துளையோரத்தில் வேண்டிய பிளவை அதன்பிறகே வெட்டுங்கள்.

பின்சேர்க்கை: பிளவு வெட்டியபின் தூண் நுழையவில்லை என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். துளையின் உள்விளிம்பில் எழும் பிசிறை முதலில் அரத்தால் நீக்குங்கள். அப்போதும் இறுக்கமாக இருந்தால், வார்ப்புக்குள் தங்கியிருந்த இறுக்கம் (உள்தகைவு) வெளிப்பட்டுப் பிளவு சற்று மூடியிருக்கலாம். மெல்லிய ஆப்பு ஒன்றைப் பிளவில் மிக இலேசாகச் செருகித் தூணை நுழைத்துவிடுங்கள். துளையை மட்டும் பெரிதாக்கிவிட வேண்டாம்.