மௌன நேரத்தில் பொங்கும் மாவு: குவேக்கர் கூடத்தில் குழந்தைகளும் பெரியவர்களும் சேர்ந்து பன் சுடுவது எப்படி?

குவேக்கர் என்பது ஒரு கிறிஸ்தவப் பிரிவு. இங்கிலாந்துக் குவேக்கர்களின் ஞாயிறு வழிபாடு ஒரு மணி நேர மௌனம். பாதிரியார் கிடையாது, பாட்டு கிடையாது. பேசத் தோன்றியவர் எழுந்து பேசுவார். பெரும்பாலான கூடங்களில் குழந்தைகள் அதில் கால் மணி நேரம் உட்கார்ந்தால் போதும், மீதி நேரம் அவர்களுக்குத் தனி அறை. இதனால் எண்பது வயதுக்காரரும் எட்டு வயதுப் பிள்ளையும் வாரந்தோறும் வந்துபோனாலும் முகம் பார்த்துப் பேச வாய்ப்பே அமையாது. ஈஸ்ட் சேர்த்த மாவையும் ஒரு மணி நேரம் யாரும் தொடாமல் விடவேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்துவிட்டால் வேலை சுலபம்.

கேக் வேண்டாம். கலக்கி ஓவனில் வைத்ததும் ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள். பன்னுக்கு மூன்று தடவை திரும்பி வந்தாகவேண்டும்.

12 பன்னுக்கு: ரொட்டிக்கான ஸ்ட்ராங் கோதுமை மாவு 500 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் ஒரு பாக்கெட் (7 கிராம்), உப்பு 8 கிராம், எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, வெதுவெதுப்பான தண்ணீர் 320 மில்லி. சாதாரண ஓவனில் இரண்டு தட்டுதான் கொள்ளும். ஆகவே ஒரு பெரியவர், ஒரு பிள்ளை என இரண்டு ஜோடி, ஜோடிக்கு ஒரு தட்டு. நான்கு ஜோடி சேர்ந்தால் ஜோடிக்குப் பாதி அளவு.

வழிபாடு 10:30க்கு என்றால் 9:30க்கு அளக்கத் தொடங்குங்கள். பெரிய எண் தெரியும் டிஜிட்டல் தராசுதான் வேண்டும். கப் கணக்கை நம்பாதீர்கள். பெரியவர் கொட்ட, பிள்ளை எண்ணை வாசிக்கட்டும். பெரியவரின் பழைய குறிப்பு பவுண்டு, அவுன்ஸ், கேஸ் மார்க் (கேஸ் ஓவனின் சூட்டு எண்) என்று இருந்தால் இன்னும் நல்லது. ஒரு பவுண்டு 454 கிராம், கேஸ் மார்க் 7 என்றால் 220 டிகிரி செல்சியஸ்: அதைப் பிள்ளை மாற்றிச் சொல்லவேண்டும், பெரியவர் சரிபார்க்கவேண்டும்.

பெரும்பாலும் சறுக்குவது பிசையும்போதுதான். மாவு சப்பாத்தி மாவைவிட இளக்கமாக, கையில் ஒட்டும். பிள்ளை திணறுவதைப் பார்த்ததும் பெரியவர் "இங்கே கொடு" என்று வாங்கிவிடுவார். அத்தோடு பிள்ளை வேடிக்கை பார்க்கத் தொடங்கிவிடும். அறிவுரை சொல்லி இதைத் தடுக்க முடியாது. வேலையைப் பிரித்துவைத்தால்தான் நிற்கும். பிசைவது முழுக்கப் பிள்ளையின் பொறுப்பு, பத்து நிமிடம். மூட்டுவலிக் கைகளுக்கும் அதுவே நல்லது. பெரியவர் கிண்ணத்தை நகராமல் பிடித்துக்கொள்வார், பதம் சொல்வார். கூடுதல் மாவு தூவவே கூடாது, பன் கல்லாகிவிடும். கையில் எண்ணெய் தடவினால் போதும். பேச்சும் இந்தப் பத்து நிமிடத்தில்தான் வரும். எதிரெதிரே உட்காரவைத்து "பேசுங்கள்" என்றால் இரண்டு பேருக்கும் வாய் திறக்காது.

10:15க்குள் கிண்ணத்தை ஈரத்துணியால் மூடிவிடுங்கள். பழைய கூடங்களின் சமையலறை குளிர்காலத்தில் சில்லிட்டுக் கிடக்கும். ஒரு மணி நேரத்தில் மாவு அசையாது. ஓவனைச் சூடாக்காமல் உள்விளக்கை மட்டும் போட்டு, கிண்ணத்தை உள்ளே வையுங்கள். அவசரப்பட்டுக் கொதிநீர் ஊற்றினால் ஈஸ்ட் செத்துவிடும். விரலுக்கு இதமாக இருந்தால் சரி.

பிள்ளைகள் மௌனத்தின் கடைசிக் கால் மணி நேரத்துக்கு வருவதானால், அவரவர் ஜோடிப் பெரியவர் பக்கத்திலேயே உட்காரட்டும். 11:30க்குக் கைகுலுக்கி வழிபாடு முடியும். நேரே போய் மாவை 70 கிராம் உருண்டைகளாக உருட்டி, தேநீர் முடியும்வரை அரை மணி நேரம் விட்டு, 220 டிகிரியில் 15 நிமிடம். பன்னின் அடியில் தட்டினால் உள்ளே காலியானதைத் தட்டியது போலச் சத்தம் வரவேண்டும். ஆளுக்கொன்று கொண்டுவந்து பகிரும் மதிய உணவுக்குச் சூடாகக் கிடைக்கும். தட்டை ஓவனில் வைப்பது, எடுப்பது இரண்டும் பெரியவர் வேலை.

குவேக்கர்கள் பட்டம் சேர்க்காமல் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் அழைப்பார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அதற்கு நா எழாது. விட்டுவிடுங்கள், தானே பழகும்.

மாதம் ஒரு முறை, அதே ஜோடி. ஜோடியை மாற்றினால் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து அறிமுகம். நவம்பர் 5 வாணவேடிக்கை இரவுக்கு யார்க்‌ஷயர்காரர்கள் செய்யும் பார்க்கின் என்ற ஓட்ஸ் இஞ்சிக் கேக்கை மட்டும் விதிவிலக்காகச் செய்யலாம்: டப்பாவில் சில நாள் இருந்தால்தான் மெத்தென்றாகும். இந்த ஞாயிறு சுட்டு அடுத்த ஞாயிறு திறக்க, இரண்டு பேரும் வந்தே தீரவேண்டும். (குவேக்கர் ஓட்ஸ்தான் வாங்கவேண்டுமென்று இல்லை. 1877இல் அமெரிக்காவில் வணிகச் சின்னமாகப் பதிவான பெயர் அது. அந்தக் கம்பெனிக்கும் குவேக்கர் சமயத்துக்கும் தொடர்பில்லை.)

பின்சேர்க்கை: ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் மட்டும் மூடிய அறையில் இருக்கக் கூடாது. பின்னணிச் சோதனை முடித்த இரண்டு பேர் எப்போதும் சமையலறையில் இருக்கவேண்டும், கதவு திறந்தே இருக்கட்டும். குளூட்டன் (கோதுமையில் உள்ள புரதம்) ஆகாத பிள்ளைக்கு இதே அளவில் வேறு மாவை மாற்றிப் போட்டால் பன் வராது. மாவுத்தூள் பறக்கும் அறையில் அதற்கென்று தனித்தட்டு வைத்தும் பயனில்லை. அந்த மாதம் எல்லோருக்குமே குளூட்டன் இல்லாத ஓட்ஸில் ஃபிளாப்ஜாக் என்ற இனிப்புத் துண்டு செய்துவிடுங்கள். எதைச் சுட்டாலும், அதில் என்னென்ன சேர்ந்தது என்று பிள்ளை கையால் எழுதிய சீட்டு தட்டின் பக்கத்தில் இருக்கவேண்டும்.